கீழே ஓர் இடம் காலி

பொய் சொன்னால் என் மீசை துடிக்கும். அதைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

துறையூர்க் கல்யாண மண்டபத்தில், சத்துமாவுக் கம்பெனியில் 'டைமண்ட்' பட்டம் வாங்கிய துரைக்கண்ணு மேடை ஏறினார். அவர் கோட்டின் பளபளப்பைப் பார்த்துச் சீரியல் பல்புகள் வெட்கப்பட்டு அணைந்துவிட்டன.

"சத்துமாவு டப்பா வாங்கிச் சேருங்க. உங்களுக்குக் கீழே ரெண்டு பேரைச் சேர்த்துவிடுங்க. அப்புறம் உட்கார்ந்த இடத்துல லட்சம் கொட்டும்!"

முன்வரிசையில் பவளக்கொடி அழுதுகொண்டிருந்தாள். தையல் மெஷினை அடகு வைத்துச் சேர்ந்தவள். டப்பாவை நீட்டுவாளோ என்று அவளைக் கண்டாலே தெருவே கதவைச் சாத்தியது. இன்றைக்குள் இரண்டு பேரைச் சேர்க்காவிட்டால் கட்டிய பணம் போச்சு.

மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கும் அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சார், பவளக்கொடி அக்காவுக்குக் கீழே நான் சேர்றேன்."

"சபாஷ்! கை தட்டுங்க! இன்னொரு ஆள் யாரும்மா?"

"நீங்கதான் சார்."

துரைக்கண்ணு சிரித்தார். "நான் எதுக்குக் கீழே வரணும்? எனக்கென்ன தலையெழுத்தா?"

"ஏன் சார்," என்றாள் அஞ்சலை, "கீழே இருந்தா நஷ்டமா?"

மைக் அவர் கையில்தான் இருந்தது. கண்தான் வாசலைத் தேடியது. முந்நூறு நாற்காலிகள் ஒன்றாக நகர்ந்த சத்தம் திருச்சிவரை கேட்டது. மீசை லேசாகத் துடிக்கிறது, விடுங்கள். எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கோட்டுக்காரரை வாசல் தாண்ட விட்டார்கள்.

மெஷினை மீட்ட கையோடு பவளக்கொடி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"டப்பாவா?" என்று உள்ளிருந்து பயந்த குரல்.

"இல்லக்கா. சும்மா பேசலாம்னு வந்தேன்."

கதவு முழுசாகத் திறந்தது.