நாச்சியின் கையில் இருந்த நூல்

முன்னொரு காலத்திலே, ஓர் இலைகூட அசையாத பங்குனி மாதத்தில், ஓர் அரசருக்குச் சொன்ன சொல்லை மாற்றவே கூடாது என்ற பிடிவாதம் வந்துவிட்டது. காலையில் "இன்று பாயசம்" என்று சொல்லிவிட்டால், வயிறு வலித்தாலும் பாயசம்தான்.

அந்த நேரம் பார்த்தா செங்கமலம் தன் ஏழு வயது மகள் நாச்சியோடு சபைக்கு வரவேண்டும்? அவள் புருஷன் அரண்மனை வைத்தியர் திருமேனிப் பண்டிதர், அவளை விட்டு வேறு குடித்தனம் போய்விட்டவர். பிள்ளைக்கு மாதம் ஒரு மூட்டை நெல் கொடுக்க அரசர் கட்டளையிட்டும், ஆறு மாதமாக ஒரு மணிகூட வரவில்லை.

"வண்டி அச்சு முறிந்துவிட்டது, அரசே," என்றார் பண்டிதர்.

"ஆறு மாதமாகவா?" என்றான் அரசவை விகடன் சடையாண்டி. "அச்சுக்கும் தாங்கள்தான் வைத்தியமோ?"

சபை சிரித்தது. நாச்சி மட்டும் அரசர் பக்கத்துப் பழத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சடையாண்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அரசே, இவர் தோளில் கிடக்கும் பட்டுத்துணி தாங்கள் தந்த வைத்தியப் பட்டம். அது இல்லாமல் யார் நாடியையும் இவர் தொடக்கூடாது. நெல் வரும்வரை அதை நிறுத்தி வையுங்கள்."

பண்டிதர் துள்ளினார். "கொடுத்த பட்டத்தை அரசர் திரும்ப வாங்குவதா? வாக்கு என்னாவது?"

அரசர் விழித்தார். "சடையாண்டி, பட்டம் இவரிடமும் இருக்கக்கூடாது, என்னிடமும் திரும்பக்கூடாது. பொழுது சாய்வதற்குள் ஒரு வழி சொல். இல்லாவிட்டால் நீ இனிச் சபைக்கு வராதே!"

"இந்தா, எங்கே வைக்கிறாய் பார்ப்போம்," என்று பண்டிதர் துணியைச் சடையாண்டியிடம் எறிந்தார்.

சடையாண்டி அதில் மூங்கில் குச்சிகளைக் கட்டினான். வால் ஒட்டினான், நூல் கோத்தான். மொட்டைமாடிக்கு ஓடினான். எல்லோரும் பின்னால் ஏறினார்கள்.

காற்று இல்லை.

இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். விரலை நனைத்து உயர்த்திப் பார்த்தான். உட்கார்ந்தான், உடனே எழுந்தான். வெயில் மஞ்சளானது.

"காற்றுக்கும் அச்சு முறிந்துவிட்டதோ?" என்றார் பண்டிதர்.

அப்போது நாச்சியின் பாவாடை ஓரம் லேசாக அசைந்தது. "மாமா, காத்து!" என்று அவள் கத்தினாள்.

பட்டம் சரசரவென்று மேலே ஏறியது. சடையாண்டி நூலை நாச்சி கையில் கொடுத்தான்.

"அரசே, பட்டம் அவரிடமும் இல்லை, தங்களிடமும் இல்லை. நான் பறிக்கவில்லை, பறக்கத்தான் விட்டேன்!"

கீழே ஒரு பெரிய வணிகரின் பல்லக்கு வைத்தியரை அழைத்துப் போகக் காத்து நின்றது. பண்டிதருக்கு வியர்த்தது. "இறக்கு, குழந்தே! அப்பாவுக்கு நேரமாகுது!"

நாச்சி நூலை இன்னும் கொஞ்சம் விட்டாள். "நெல்லு வரட்டும்ப்பா, இறக்குறேன்."

அச்சு முறிந்த வண்டி, ஆறு மூட்டையோடு பொழுது சாய்வதற்குள் ஓடியே வந்து சேர்ந்தது.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டி கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"நூல்கண்டு நாச்சியிடமே இருக்கட்டும், அரசே. நெல் தவறும் மாதம் பட்டம் மறுபடி பறக்கட்டும்."

அரசர் வாக்குக் கொடுத்துவிட்டார். அன்றுமுதல் மாதம் பிறந்தால் பண்டிதர் எழுந்ததும் முதல் வேலையாக, காற்று வீசுகிறதா என்றுதான் பார்ப்பாராம்.