பொடி போடாதவரின் டப்பி

"ஞானம் கீனம் ஒண்ணும் வேண்டாம்மா. ஒரு நாள் நல்ல ஒறக்கம் வந்தாப் போதும்."

இதைச் சொல்லிவிட்டுக் குற்றாலிங்கம் மடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். காசிக்குப் போய்வந்த கால். ராமேசுவரத்துக்கும் போய்வந்த கால். அறுபதைத் தாண்டி அவர் நடந்த நடைக்கு, வண்டிமாடு என்றால் என்றைக்கோ நுகத்தோடு படுத்திருக்கும்.

குருவான வடிவம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. தாமிரபரணிக் கரையில் ஓட்டுக்கூரை போட்ட சின்ன மடம் அவளுடையது. மூக்குப்பொடி என்றால் அவளுக்கு உயிர். இவர் சீடனாக வந்து சேர்ந்தபோது, "குரு தும்முவா, சீடன் கொட்டாவி விடுவான்" என்று ஊர் சிரித்தது. ஊர் சொன்னதில் தப்பும் இல்லை.

"நான் குடுத்த மந்திரத்தைச் சொன்னீங்களா அண்ணாச்சி?"

"சொன்னேன்."

"சொல்லியுமா ஒறக்கம் வரல?"

"மந்திரம் ஒறங்கிப் போவுது. நான் முழிச்சிக்கிட்டு இருக்கேன்."

அம்மை சிரித்தாள். இடுப்பில் செருகியிருந்த பொடி மட்டையை எடுத்துப் பிரித்தாள். வாழைப்பட்டை மட்டைக்குள் ஒன்றுமில்லை. உதறிப் பார்த்தாள். அப்போதும் ஒன்றுமில்லை.

குற்றாலிங்கம் மடியை அவிழ்த்தார். துணிக்குள் துணி, அதற்குள் இன்னொரு துணி. கடைசியில் ஒரு டப்பி வந்தது.

தங்கம். மூடி முழுக்க எனாமல் வண்ணத்தில் ஒரு படம். பச்சை மலை, நீல ஏரி, ஏரியில் ஒரு படகு, படகில் தொப்பி வைத்த ஒருவன். அவன் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. எந்தத் தேசத்து ஏரியோ. தூத்துக்குடியில் இறங்கிய கப்பல்காரன் ஒருவனிடம் குற்றாலிங்கத்தின் தாத்தா வாங்கியது.

"இதை மடத்துக்குன்னு எடுத்துக்கிடுங்கம்மா. சொமக்க முடியல."

"பொடி டப்பியா! இத்தனை நாளும் சொல்லலியே. ஒரு சிட்டிகை தாங்க."

"எனக்குப் பொடிப் பழக்கம் கிடையாதும்மா."

"பொடி போடாத மனுசனுக்கு எதுக்குப் பொடி டப்பி?"

அவர் முகம் சுருங்கியது. "பொடி வச்சுப் பேசாதீங்கம்மா. நேராக் கேளுங்க."

"நேராத்தான் கேக்கேன். கையில பொடி இல்லாதவ எங்கேருந்து பொடி வச்சுப் பேச?"

அம்மை டப்பியை வாங்கி வெயில் பக்கம் திருப்பினாள்.

"இந்தப் படகுக்காரன் வாரானா, போறானா?"

"வாரான்ம்பான் எங்க அண்ணன். போறான்ம்பேன் நான். சின்னப் பிள்ளையில அதுக்கே அடிச்சுக்கிடுவோம்."

"அண்ணன் பொடி போடுவாரோ?"

"போடுவான். தாத்தாவுக்குப் பொறவு இது அவன் மடியிலதான் கெடந்துச்சு."

"உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாகம் பிரிக்கையில அவன் சொன்னான். 'வீட்ட நீ எடுத்துக்கோ, வயல நீ எடுத்துக்கோ, டப்பிய மட்டும் எனக்கு விட்ருலே'ன்னான். இவ்வளவு கேக்கானே, இதுல என்னமோ இருக்குன்னு எனக்குத் தோணிச்சு. டப்பிதான் வேணும்னு நின்னேன்."

"தந்தாரா?"

"மடியில இருந்து எடுத்துத் தந்தான். 'நீதான் பொடியே போட மாட்டியேலே'ன்னான். அதுதான் கடைசிப் பேச்சு. சாவுச் சேதி வந்தப்போ தெரு முக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. இன்னைக்கு வரைக்கும் வரல."

அம்மை டப்பி மூடியை முந்தானையால் துடைத்தாள்.

"காசியில ஏதாவது ஒண்ண விட்டுட்டு வரணும்னு சொல்லுவாங்களே. நீங்க என்ன விட்டீங்க?"

"கத்திரிக்காய விட்டேன்."

"டப்பிய விடலியா?"

"புடிச்சதத்தானம்மா விடணும்? எனக்கு இதைக் கண்டாலே புடிக்காது."

அம்மைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். டப்பியை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"தொறங்க."

"இதுவரைக்கும் தொறந்ததில்லம்மா. உள்ள அவன் போட்ட மிச்சம் கெடக்கும்."

"கெடக்கட்டும். தொறங்க."

நகக்கண் வலிக்க நெம்பினார். மூடி திறந்தது. அடியில் ஒரு மூலையில் கொஞ்சம் பொடி, கட்டி தட்டி, மண் நிறத்தில். விரல் பதிந்த பள்ளம் ஒன்று அதில் அப்படியே இருந்தது.

அம்மை கேட்காமல் கொள்ளாமல் ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சினாள். காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுமூக்கிலும் உறிஞ்சினாள்.

"சே! செத்த பொடி. மணமும் இல்ல, காரமும் இல்ல. ஆத்து மணல இழுத்தாக்கூட ஒரு தும்மல் வரும்."

குற்றாலிங்கம் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் ஒரு சிட்டிகை போடுங்க அண்ணாச்சி."

"எனக்குப் பழக்கமில்லைன்னு..."

"செத்த பொடிக்குப் பழக்கம் எதுக்கு? போடுங்க."

அவர் விரலை உள்ளே விட்டார். பள்ளத்தில் விரல் சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது. எடுத்து, சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு, தலையை ஒருச்சாய்த்து உறிஞ்சினார். பொடி போட்டே அறியாத மனிதருக்கு அந்தச் சாய்ப்பு யார் சொல்லி வந்ததோ.

தும்மல் வரவில்லை.

முதலில் மூக்கு சிவந்தது. பிறகு தோள் குலுங்கியது. துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து, "அண்ணே" என்று ஒரு சத்தம் வந்தது. வெகு நேரம் அவரால் துண்டை எடுக்க முடியவில்லை.

எடுத்தபோது கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தன. அம்மை பார்ப்பதைப் பார்த்து அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"பொடி... பொடி ரொம்பக் காரம்மா."

அம்மை டப்பியை மூடி அவர் மடியில் வைத்தாள்.

"இருக்காதா பின்னே? எத்தனை வருசத்துப் பொடி."