மூன்றாவது குழாய்

“குரல் கம்மிப்போச்சும்மா. குழாயை மாத்திக் கொடு.”

வைத்திலிங்கம் கிராமபோனை மேசைமேல் வைத்தார். பக்கத்தில், பழைய புடவைத் துணியில் சுற்றிய ஓர் இசைத்தட்டு.

ஜெசிந்தாவுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். பாலக்கரையில் கிராமபோன் பழுது பார்க்கிறவள். அவளை யாரும் குரு என்று சொன்னதில்லை. அவரும் சீடனாகப் போகவில்லை. ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், அதிலும் பிடிவாதக்காரர். அவருக்கு யார் குருவாக இருக்க முடியும்?

“இது எத்தனையாவது குழாய்ங்கய்யா?”

“மூணாவது. முதல்ல நேர்க்குழாய். அப்புறம் வளைஞ்சது. இது ஊசிப் பக்கம் ஒடுங்கி, புனல் பக்கம் விரிஞ்சு போறது. மெட்ராஸ்ல சொல்லி வச்சு வாங்கினேன். இதுலதான் ரொம்ப மோசம். கரகரங்குது.”

ஊசியிலிருந்து புனலுக்கு ஒலியைக் கொண்டுபோகும் அந்தக் குழாயின் இணைப்பை அவள் அசைத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. வாயை வைத்து ஊதினாள். காற்று எங்கும் கசியவில்லை.

“நல்ல குழாய்ங்கய்யா. உள்ளதை உள்ளபடி சொல்லுது.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“அபயாம்பாள் குரலை நீ கேட்டிருக்கியா? கரகரப்பாம்! அவளுக்கா?”

அபயாம்பாள் அவர் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு இசைத்தட்டில் பாடியவள். அவள் போய் நாலு மாதம் ஆகிறது. அந்தத் தட்டு இன்னொன்று எங்கேயாவது இருக்குமா என்று அவரும் தேடிப் பார்த்துவிட்டார். இல்லை.

“தினம் போடுவீங்களா?”

“ரெண்டு வேளையும். சாப்பிடும்போது. எதிர்ல ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். இல்லேன்னா சோறு இறங்கலைம்மா” என்றார்.

நாலு மாதமாக அவர் பேசியது பால்காரரிடம் மட்டும்தான். அதுவும் இரண்டு வார்த்தை.

ஜெசிந்தா அவர் கொண்டுவந்த ஊசி டப்பாவைத் திறந்தாள். விளிம்புவரை இருந்தது.

“ஒரு தடவை பாடினா ஊசியை மாத்தணும். தெரியும்ல?”

“தெரியும்.”

“டப்பா குறையவே இல்லையே.”

அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப கிராமபோன்ல இருக்கிறது அவ மாட்டின ஊசி” என்றார். “ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறப்ப மாட்டி வச்சா. வந்து கேக்கலாம்னு சொல்லிட்டுப் போனா.”

ஜெசிந்தா புடவைத் துணியை விலக்கித் தட்டை எடுத்தாள். ஒரு வெள்ளைத் துணியால் மெதுவாக ஒரு சுற்று துடைத்தாள்.

துணியில் கறுப்பாகப் பொடி ஒட்டியிருந்தது.

“தூசி” என்றார்.

“தூசி இல்லீங்கய்யா. பழைய ஊசி தட்டை அரைச்ச பொடி.”

துணியை அப்படியே அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். மூச்சு விட்டால் பறந்துவிடுமோ என்று பயந்தவர் மாதிரி வாயை மூடிக்கொண்டார்.

“இன்னும் எத்தனை நாளைக்குப் பாடுவா?”

“இந்த ஊசியோடயா? பத்து நாள் வந்தா அதிகம்.”

“மாத்தினா?”

“போனது போனதுதான். மிச்சம் நிக்கும்.”

ஊசியைப் பிடித்திருந்த சின்னத் திருகாணியில் ஜெசிந்தா கை வைத்தாள்.

“கையை எடும்மா.”

எடுத்துவிட்டாள்.

அவர் தன் விரலை வைத்துத் திருகினார். திருகாணி அசையவில்லை. அப்புறம் கால் சுற்று அசைந்தது.

“அவ மாட்டினது” என்றார். “நான்தான் கழட்டணும்.”