பெருச்சாளிக்கு எந்தக் கட்டம்?

நெட்டூரணிக்காரர்களை அவசரக்காரர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வீடு பற்றி எரிந்தாலும், எந்த மூலையில் முதலில் பிடித்தது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த ஊரில் டேங்க் ஆபரேட்டராக இருப்பதென்றால் லேசுப்பட்ட வேலையா? பாவம், தவசிமுத்து.

மறுநாள் காலையில் அவர் மகள் மாலையம்மாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் நூறு பேர் சாப்பிட வருகிறார்கள். ஊருக்கு இருப்பது ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி. அன்றைக்குப் பார்த்து அதில் ஒரு பெருச்சாளி செத்து மிதந்தது.

எடுத்து வீசிவிட்டு, தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் ஏற்றிவிடலாம் என்றுதான் தவசிமுத்து நினைத்தார். நல்ல புத்திதான். ஊர் விட வேண்டுமே!

"தொட்ராதீங்க அண்ணாச்சி," என்றார் பஞ்சாயத்துத் தலைவர் பவளக்கொடி. "இதுக்குன்னு ஃபார்ம் இருக்கு. என்ன கேடுன்னு டிக் அடிச்ச பிறகுதான் கை வைக்கணும்."

ஃபார்மில் ஐந்து கட்டங்கள். பொல்யூஷன், கண்டாமினேஷன், இன்ஃபெக்ஷன், பாய்சன், டேமேஜ். ஏதாவது ஒன்றில் மட்டும் டிக் அடிக்க வேண்டுமாம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் எபனேசரிடம் அகராதி இருந்ததால், அவரையே கையோடு கூட்டி வந்தார்கள்.

"பொல்யூஷன்னா காத்து, ஆறு, கடல்னு பெரிய இடம் கெடுறது," என்றார் எபனேசர்.

"நம்ம தொட்டியில நீச்சல் அடிக்க முடியாது," என்றார் வார்டு மெம்பர் மாடக்கண்ணு. அது அடிபட்டுப் போனது.

"கண்டாமினேஷன்னா, சுத்தமா இருந்த ஒண்ணுல வேண்டாதது கலக்குறது."

எல்லோரும் தவசிமுத்துவைப் பார்த்தார்கள். பொங்கலுக்குப் பிறகு தொட்டியைக் கழுவவில்லை என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. சுத்தமாகவே இல்லாத தண்ணீர் எப்படிக் கெடும்? அதுவும் அடிபட்டது. தவசிமுத்துவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

"இன்ஃபெக்ஷன்னா உயிருள்ள உடம்புக்குள்ள கிருமி போறது. போனா காய்ச்சல் வரும்."

தலைவர் வீட்டுத் தெர்மாமீட்டரைத் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தார்கள். உச்சி வெயில். நூற்றியொன்று காட்டியது.

"ஐயோ, அடிக்குதே," என்று பதறினார் பவளக்கொடி. ஒரு துண்டை அதே தண்ணீரில் நனைத்துத் தொட்டியின் மூடிமேல் பத்துப் போட்டார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். தொட்டி இருமவில்லை, முனகவும் இல்லை. ஆகவே இன்ஃபெக்ஷனும் இல்லை.

"மணி மூணாச்சு. நான் எப்போ சோறு ஆக்குறது?" என்றார் தவசிமுத்து.

"பொறுங்க அண்ணாச்சி, பாதிக் கிணறு தாண்டியாச்சு," என்று தேற்றினார் எபனேசர்.

பாய்சன் என்றால் குடித்த உயிர் போக வேண்டும். மாடக்கண்ணுவின் ஆட்டுக்கு ஒரு வாளி வைத்தார்கள். அது குடித்து முடித்து, வாளியையும் நக்கிவிட்டு, இன்னொரு வாளிக்குக் கத்தியது.

மிச்சமிருந்தது டேமேஜ் ஒன்றுதான். அதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. உடைந்தால் டேமேஜ். ஆனால் தொட்டி உடையவில்லையே?

"பொய்ப் புகார் எழுதினா உள்ள தூக்கிப் போட்ருவாங்க," என்றார் பவளக்கொடி.

"எழுதுறது உண்மையா இருக்கணும், அவ்வளவுதானே?" என்று சொல்லிவிட்டு மாடக்கண்ணு வீட்டுக்குப் போய்க் கடப்பாரை எடுத்து வந்தார்.

பழைய தொட்டி. நாலாவது அடியில் பக்கவாட்டில் ஓட்டை விழுந்தது. தண்ணீரும் பெருச்சாளியும் சேர்ந்தே வெளியே வந்தன. பவளக்கொடி நிம்மதியாக டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

தவசிமுத்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் நின்றால் மகள் முகத்தில் எப்படி முழிப்பது?

"ஏன் உட்கார்ந்திருக்கீங்க? குடத்தக் கொண்டாங்க," என்றார் தலைவர். "தொட்டியில இருந்தப்போதான் அதுக்கு ஃபார்ம். தரையில விழுந்த தண்ணிக்கு ஃபார்மே கிடையாது. ஃபார்ம் இல்லாத தண்ணியில என்ன கேடு வந்துரப் போகுது?"

தவசிமுத்துவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பள்ளத்தில் தேங்கியதை மொண்டுதான் மறுநாள் சோறும் சாம்பாரும் ஆயின.

சம்பந்தி வண்டிமலை பந்தியில் உட்கார்ந்து டம்ளரைத் தூக்கினார். "தண்ணி ஒரு தினுசா மணக்குதே, மச்சான்?"

தவசிமுத்துவுக்குப் பொய் சொல்ல வராது. பெருச்சாளியிலிருந்து கடப்பாரை வரை ஒன்றுவிடாமல் சொன்னார். பந்தி முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது. வண்டிமலை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கண் கலங்கிவிட்டது.

"எங்க ஊர்த் தொட்டியில நாலு மாசமா ஒரு குரங்கு கிடக்கு, மச்சான். இன்னும் ரெண்டாவது கட்டத்தையே தாண்டலை. நீங்க ஒரே நாள்ல அஞ்சையும் முடிச்சிருக்கீங்க. இவ்வளவு விவரமான ஊர்ல பொண்ணு எடுக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்."

சொல்லிவிட்டு ஒரே மடக்கில் குடித்தார். பிறகு டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க," என்றார்.