விரலில் ஏறிய டீசல்

யார் எதைச் சொன்னார்கள், யாரிடம் சொன்னார்கள் என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். கேள்வி கடைசியில் இருக்கிறது.

கோவை கணபதியில் மருதாசலம் என்று ஒரு லேத்காரர். வீட்டை ஒட்டியே பட்டறை. அவரும் அவருடைய நண்பர் சகாயமும் சேர்ந்து, உள்ளங்கையில் அடங்கும் டீசல் எஞ்சின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். பெரிய எஞ்சின் போலவே அதுவும் டீசலில் ஓட வேண்டும் என்பது ஆசை. மற்ற பாகங்கள் எல்லாம் சொன்னபடி கேட்டன. படுத்தி எடுத்தது டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர்தான். நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய குழல்முனையான நாசில், அதன் நுனியில் தலைமுடி நுழையாத துளை, அந்தத் துளையை அடைத்துத் திறக்க உள்ளே ஓர் ஊசி. ஊசி துளி தளர்ந்தால் ஒழுகும். துளி இறுகினால் சிக்கிக்கொள்ளும். ஒருவழியாக அது அமைந்துவந்தபோது, சென்னையில் நடக்கும் மாதிரி எஞ்சின் கண்காட்சிக்கு மறுநாள் காலை போய்ச் சேர வேண்டியிருந்தது.

மருதாசலத்தின் மனைவி தமயந்தி. அவளுடைய தம்பி இதே பட்டறையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் கைவைத்து விரல்களை இழந்தவன். “இனி யார் கைக்காச்சும் ஏதாச்சும் ஆச்சு, அன்னைக்கே பூட்டிப்போடுவேன்” என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

அன்று காலை இஞ்செக்டரைச் சோதனை பம்பில் மாட்டினார்கள். சகாயம் கைப்பிடியை அழுத்த, டீசல் பனிபோல விரிந்து வந்தது. மறுபடி அழுத்தினார், ஒன்றும் வரவில்லை. ஊசி சிக்கிவிட்டதோ என்று மருதாசலம் குனிந்து விரலை நாசில் அருகே கொண்டுபோனார். அதைப் பார்க்காமல் சகாயம் பலமாக இன்னொரு அழுத்து அழுத்திவிட்டார். ‘சிக்’ என்று ஒரு சத்தம்.

மருதாசலத்தின் இடது ஆள்காட்டி விரலில் ஒரு புள்ளி விழுந்திருந்தது. ரத்தம் இல்லை. “எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லப்பா” என்று சிரித்தார்.

சகாயம் பம்பின் கைப்பிடியை விட்டார். அவர் முன்பு டீசல் பம்ப் பழுது பார்க்கும் கடையில் இருந்தவர். அங்கே ஒரு தொழிலாளிக்கு இதே மாதிரிதான் ஒரு புள்ளி விழுந்தது. வலிக்கவில்லை என்று அவரும் வேலையைத் தொடர்ந்தார். அழுத்தத்தில் தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்த எண்ணெய் சதையை அழுகவைத்தது. வாரம் முடிவதற்குள் முழங்கை வரை எடுத்தார்கள். உடனே விரலைத் திறந்து கழுவியிருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னதும் சகாயத்துக்கு நினைவிருந்தது. இப்போது பம்பை அழுத்தியது தன் கை என்பதும் நினைவிருந்தது.

அவர் வாயைத் திறப்பதற்குள் மருதாசலம் முந்திக்கொண்டார். “தமயந்தி காதுக்குப் போயிரக்கூடாது. கண்காட்சி முடியட்டும். உம்பொண்ணு மேல சத்தியம் பண்ணு.”

“தமயந்திகிட்டச் சொல்ல மாட்டேன். எஸ்தர் மேல சத்தியம்” என்றார் சகாயம்.

மதியச் சாப்பாட்டின்போது மருதாசலம் இடது கையை மடியிலேயே வைத்திருந்தார். எஞ்சினைப் பெட்டியில் அடுக்கும்போது அந்த விரல் மெழுகுபோல வெளுத்து விறைத்திருந்தது.

“நெசமா வலிக்கலையா மருது?” என்றார் சகாயம்.

“வலியில்ல. மடக்கத்தான் வரல.”

சகாயம் தெருவுக்கு வந்து மகளுக்கு போன் போட்டார். “சாப்டியா கண்ணு? ரோட்டப் பாத்துப் போ” என்றார். அவள் எதற்கு என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். வாக்கு தவறினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். தவறாவிட்டால் நண்பன் கை போய்விடும் என்று ஒரு பயம். இரண்டுக்கும் நடுவே பொழுது சாய்ந்துவிட்டது.

ரயில் நிலையத்துக்குத் தமயந்தியும் வழியனுப்ப வந்தாள். மருதாசலம் கையில் கைக்குட்டை சுற்றியிருந்தார். ஏதோ சிராய்ப்பு என்று சொல்லிவைத்திருந்தார். ரயில் வந்து நின்றது. எஞ்சின் பெட்டியைத் தூக்கும்போது கைக்குட்டை நழுவியது. விரல் கருநீலமாகியிருந்தது, வீக்கம் மணிக்கட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. சகாயம் அதைப் பார்த்தார். அடுத்த கணம் பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“தங்கச்சி, மருது விரல்ல டீசல் ஏறிருச்சு! காலைலயே ஏறிருச்சு! ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ!”

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலை எடுக்க வேண்டியிருந்தது. “காலைலயே வந்திருந்தா விரல் தப்பிச்சிருக்கும். நாளைக்கு வந்திருந்தா கையே போயிருக்கும்” என்றார்.

எஸ்தருக்கு ஒன்றும் ஆகவில்லை. தமயந்தி சொன்னபடி பட்டறையைப் பூட்டினாள்.

அதன்பிறகு சகாயத்தோடு இருவருமே பேசவில்லை. “மக மேல சத்தியம் பண்ணிட்டு ஊர் கேக்கக் கத்தினவன். அவனாலதான் பட்டறை போச்சு” என்றார் மருதாசலம். “அந்தச் சத்தியத்தப் பொழுது சாயற வரைக்கும் காப்பாத்துனாரே, அதனாலதான் விரல் போச்சு” என்றாள் தமயந்தி. ஒருவருடைய கோபம் அவர் சத்தியத்தை மீறியதற்காக; மற்றவருடைய கோபம் அவர் அதைக் காத்ததற்காக.

இந்த இரண்டு கோபங்களில் எது நியாயம்? சகாயம் செய்த பிழைதான் எது?

விடை: சத்தியத்தை மீறியது பிழை இல்லை, கையைக் காப்பாற்றியது அதுதான். ஆகவே மருதாசலத்தின் கோபம் நியாயம் இல்லை. தமயந்தியின் கோபம் நியாயம்; ஆனால் அவள் குற்றத்தைச் சத்தியத்தின் மேல் போடுகிறாள். அந்தச் சத்தியம் தடுத்தது தமயந்தியிடம் சொல்வதை மட்டும்தான். புள்ளி விழுந்த நிமிடமே, “மருது, இப்படி ஒருத்தன் கை போச்சு, டாக்டர்கிட்டப் போலாம்” என்று மருதாசலத்திடமே சொல்லியிருந்தால் வாக்கும் நின்றிருக்கும், விரலும் நின்றிருக்கும். அதைச் சொல்லவிடாதது, அழுத்தியது தன் கை என்ற பயம். அந்த ஆபத்து சகாயத்துக்கு முன்பே தெரியும் என்பது மருதாசலத்துக்கும் தமயந்திக்கும் இன்றுவரை தெரியாது. தெருவில் அவர்கள் எதிரே வந்தால், சகாயம் அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறார்.