நெப்டியூனுக்குப் பிடிபடாதது

விடிந்தால் பிள்ளையைத் தொட்டிலில் போட வேண்டும்; பெயர்தான் இல்லை. குழப்பத்துக்குக் காரணம் வானத்தில் இருந்தது. நிதானமாகச் சொல்கிறேன், பாதியில் எனக்கே தலை சுற்றும்.

மலைமேல் உள்ள வானாய்வகத்தில் வேலை பார்க்கும் பூவிழி, நெப்டியூனுக்கு அப்பால் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தாள். அவளுடைய அண்ணி ரேணுகா அப்போது கர்ப்பமாக இருந்தாள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள், பாவம்.

"அண்ணி, இது எத்தனையோ கோடி வருஷமா விழாம சுத்துது. இதுக்கு வைக்கிற பேரைத்தான் உங்க பிள்ளைக்கும் வைப்பேன்" என்று பூவிழி வாக்குக் கொடுத்தாள். அந்த வீட்டில் பிள்ளையின் காதில் பெயர் சொல்வது அத்தையின் உரிமை. அந்தத் தைரியம்தான்.

கோளுக்குப் பெயர் வைக்க விதி உண்டு. நெப்டியூனின் சுற்றோடு பிணைப்பில்லாமல் சூரியனைச் சுற்றினால் படைப்புத் தெய்வத்தின் பெயர். நெப்டியூன் மூன்று சுற்றுப் போவதற்குள் சரியாக இரண்டு சுற்று வந்தால், எமலோகக் கதைகளில் வருகிறவர்களின் பெயர். கையிலிருந்த சில படங்களை நம்பி, முதல் வகைதான் என்று பூவிழி அவசரப்பட்டுவிட்டாள்.

பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தொட்டிலுக்கு முதல் நாள், வானாய்வகத்தில் கோள்களின் பாதையைக் கணக்கிடும் சூசை புதுப் படங்களோடு வந்து நின்றார். கோள் இரண்டாம் வகை!

வீடு சந்தைக்கடை ஆயிற்று.

"விதியை மாத்த முடியாதும்மா. எமலோகப் பேர்தான்" என்றார் சூசை.

"புதுப் படத்தை யார் கேட்டா? பெயர்க்குழுவுக்குப் பழசையே அனுப்பு" என்றான் பூவிழியின் அண்ணன்.

பூவிழி அழுதேவிட்டாள். "என் வாக்கு போனாப் போகட்டும் அண்ணி. பிள்ளைக்கு வேற பேர் வைப்போம்."

ரேணுகா சூசையிடம் மட்டும் ஒன்று கேட்டாள். "அது நெப்டியூன்ல மோதிடாதா?"

"அதோட பாதைக்கு உள்ளேயே வந்துட்டுப் போகுதும்மா. ஆனா இது வர்றப்பல்லாம் நெப்டியூன் வேற பக்கம் இருக்கும். இதுவரைக்கும் பிடிபடல."

ரேணுகா சிரித்தாள். ஒரு பெயர் சொன்னாள். விதியும் மீறவில்லை, வாக்கும் தவறவில்லை.

அந்தப் பெயர் எது? மூவரில் யார் சொன்னது சரி?

விடை: சாவித்திரி. எமன் பின்னாலேயே நடந்துபோய், உயிரோடு திரும்பியவள். சூசை சொன்னதே சரி. எமலோகக் கதை என்றால் எமன் மட்டும்தான் என்று மற்ற இருவரும் பயந்துவிட்டார்கள். பெயர்க்குழு ஒப்புக்கொள்ள நாளாகும், தொட்டில் காத்திருக்குமா? காலையில் பூவிழி குனிந்து பிள்ளையின் காதில் மூன்று முறை சொன்னாள். ரேணுகா மகளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இவ பிடிபடல" என்றாள்.