நாற்றம் தின்ற நூலி

ஒரு காட்டில் நாவல் மரங்கள் சூழ்ந்த குளம் ஒன்று இருந்தது, குழந்தைகளே. உதிர்ந்த இலையெல்லாம் அடியில் மக்கிக் கரிய சேறாகிவிட்டது. அந்தச் சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும்.

சேற்றின் மேல் பஞ்சு படர்ந்தாற்போல் வெள்ளையாக ஒரு பாக்டீரியாக் கூட்டம் வாழ்ந்தது. ஒவ்வொன்றும் தலைமுடியை விட மெல்லிய நூல். அவற்றில் ஒருத்தி நூலி. ஆள் நூல் கனம். ரோஷமோ தேர்வடக் கனம்.

கீழிருந்து வரும் அந்தக் கெட்ட வாயுதான் நூலிக்குச் சாப்பாடு. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றோடு சேர்த்து அதைச் செரித்து, மிஞ்சுவதை மஞ்சள் மணிகளாக உடம்புக்குள் சேர்த்து வைப்பாள். அதுதான் கந்தகம்.

குளத்துக்குத் தலைவர் செவுளப்பர் என்னும் கெண்டை மீன். பெரிய தற்பெருமைக்காரர். அவர் வீட்டில் அப்போதுதான் குஞ்சுகள் பொரித்திருந்தன. ஒரு நாள் அவர் தன் ஏவலாள் நண்டோடு வந்து இறங்கினார்.

"குளம் நாறுகிறது. நாற்றம் வருகிற இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். கிளம்புங்கள்."

"அதைத் தின்னத்தான் இங்கே இருக்கிறோம், ஐயா," என்றாள் நூலி.

"வயிற்றில் என்ன, மஞ்சள் மஞ்சளாய்?"

"கந்தகம். தின்ற நாற்றத்தில் மிஞ்சியது."

"கேட்டாயா நண்டே? நாற்றத்தை மூட்டை கட்டி வைத்திருக்கிறாளாம்."

"மூட்டையை முகர்ந்து பாருங்கள். நாறினால் நானே போய்விடுகிறேன்."

"உன்னை முகர்வதா? நானா?" செவுளப்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்படியானால் போகமாட்டேன். இந்தச் சேற்றில் நீங்கள் ஒரு நாளாவது இருந்து பார்த்திருக்கிறீர்களா?"

தலைவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாலை ஆட்டி உத்தரவு போட்டார். சொன்னதைச் செய்வதே நண்டின் குணம். அது வெள்ளைப் படலத்தை வழித்து வழித்து, ஓடை வந்து விழும் பாறையில் கொண்டுபோய் அப்பியது.

அங்கே தண்ணீர் தெளிவாக ஓடியது. நாற்றம் துளியும் இல்லை. ஆகவே சாப்பாடும் இல்லை. "அழுதால் வயிறு நிறையுமா? கையிருப்பைத் தின்னுங்கள்," என்றாள் நூலி. எல்லாரும் தங்கள் மஞ்சள் மணிகளை ஒவ்வொன்றாகக் கரைத்துத் தின்றார்கள். நூலிக்குக் கோபம் ஆறவே இல்லை. மூன்றாம் நாள் அவளிடம் ஒரே ஒரு மணி மிஞ்சியது.

அன்று செவுளப்பர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். தின்ன ஆளில்லாத வாயு குளமெங்கும் பரவியிருந்தது.

"குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு மிதக்கின்றன, அம்மா. ஓடை ஏறவும் அவற்றுக்கு வலுவில்லை. போனால் போகிறது, உங்களை மன்னித்துவிட்டேன். திரும்பி வாருங்கள்."

"மன்னிப்பா? நாங்கள் என்ன தப்பு செய்தோம்?"

செவுளப்பர் குஞ்சுகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"குஞ்சுகள் மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது. வருகிறோம். ஆனால் ஊர்ந்து வந்தால் ஒரு மாதம் ஆகும். நீங்கள்தான் எங்களைச் சுமக்க வேண்டும். வாயில்."

"வாயிலா? நண்டை அனுப்புகிறேனே."

"நண்டு வழித்த வழிப்பில் எங்களில் பாதிப்பேர் அறுந்து போனார்கள். வாயைத் திறங்கள், ஐயா."

குஞ்சுகளை நினைத்து அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். குளமே வேடிக்கை பார்க்க, பாறைக்கும் சேற்றுக்குமாக நாள் முழுக்க நடையாய் நடந்தார். இறக்கிவிட்ட இடத்திலெல்லாம் நூல்கள் உடனே தின்னத் தொடங்கின. வெயில் சாய்வதற்குள் குஞ்சுகள் மெல்ல வாலசைத்து நீந்தின.

கடைசி நடையில் நூலி வந்து இறங்கினாள்.

"நாறவே இல்லை," என்றார் செவுளப்பர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"உரக்கச் சொல்லுங்கள். போகச் சொன்னதை உரக்கத்தானே சொன்னீர்கள்?"

தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குளம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நூலி சாப்பாட்டில் இறங்கிவிட்டாள்.

நீதி: அழுக்கைப் போக்குகிறவரை அழுக்கென்று விரட்டினால், அந்த அழுக்கு நம் வீட்டுக்குள் வந்துவிடும்.